புதுப்பிப்பு: பாகங்களை வாங்கிக் கணினியை நானே அமைத்துவிட்டேன்
மகளின் கல்லூரிப் படிப்புக்கு ஆயத்தக் கணினி வாங்குவதா, பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்தி அமைப்பதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி நானே அமைத்துவிட்டேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 செயலியில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி உள்ளமைந்து வராது என்பதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே திரையை இயக்கும் 5600ஜி-யைத் தேர்ந்தெடுத்தேன். அதிலுள்ள கிராபிக்ஸ் பகுதி, கணினியின் தற்காலிக நினைவகமான ரேமையே பகிர்ந்துகொள்வதால் ரேம் வேகம் முக்கியம்; அதனால் நான் பார்த்த ஆயத்தக் கணினியில் இருந்ததுபோல் ஒரே ரேமாக இல்லாமல், இரண்டும் சேர்ந்து வேகமாக இயங்கும்படி 8 ஜிபி ரேம் இரண்டை மதர்போர்டின் இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்தினேன். 3200 வேகம் கொண்ட அந்த ரேம், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்தில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கும்வரை 2400-இல்தான் ஓடியது; பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். பணம் பெரிதாக மிச்சமாகவில்லை. உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் தனித்தனி என்பதால், ரசீதுகளை ஒரே உறையில் போட்டு கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.