காண்டெண்டருக்குத் தனி பேரல்: யாரிடம் செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது தாம்சன் சென்டர் ஜி2 காண்டெண்டர் துப்பாக்கி, ரைஃபிள் கட்டையோடு (தோளில் ஊன்றும் நீளக் கட்டை). ஒற்றைத் தோட்டா ரகம். முன்கட்டையைக் கழற்றி, கீல் ஆணியைத் தட்டி எடுத்தால் பேரல் (குழல்) கையோடு வந்துவிடும். அந்த வசதியை நம்பித்தான் .223 தோட்டாவுக்குப் புதிதாக ஒரு பேரல் செய்து வாங்க யோசிக்கிறேன்.

இப்போதுள்ள பேரலின் ட்விஸ்ட் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகளின் முறுக்கு) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுக்கு அது சரி. நான் சுட நினைப்பதோ 75 கிரெயின், நீளமான குண்டு. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று மாதிரி வேகமான ட்விஸ்ட் இல்லாவிட்டால் பறக்கும்போதே புரண்டு, அட்டையில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போடும். பேரல் நீளம் 20 அங்குலம் போதும். (ரைஃபிள் கட்டை இருப்பதால் 16-க்குக் கீழே போனால் சட்டச் சிக்கல் வேறு.)

பேரல் செய்பவர்களில் மேட்ச் கிரேட் மெஷின், புல்பெர்ரி என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ரைஃப்ளிங் (அந்த உள்வரிகள்) தரத்தைவிட எனக்குக் கவலை பூட்டு பொருந்துவதில்தான். மூடும்போது பேரல் ஃபிரேமோடு (விசை இருக்கும் உடல்பகுதி) ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரவில்லை என்றால் என்ன விலை கொடுத்தும் பயனில்லை.

ஃபிரேமை அனுப்பாமலே பேரல் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? ஹெட்ஸ்பேஸ் (தோட்டாவின் அடிக்கும் ஃபிரேம் முகப்புக்கும் இடையே விடும் அளவு) சரியாக வந்ததா? தடித்த கீல் ஆணி போட வேண்டியிருந்ததா? ஃபிரேம்தான் சட்டப்படி துப்பாக்கி என்பதால் அதைப் பார்சல் அனுப்புவது பெரிய தலைவலி. அப்புறம், ஆர்டர் கொடுத்து எத்தனை மாதம் காத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.