கலைச்சொல் வேண்டும்: கேப்டிவ் போர்ட்டல் (வெள்ளிக்கிழமைக்குள்)

நெல்லைக்காரன் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வளாக வலையமைப்பு பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு போடுகிறோம். நான் வலையமைப்பு அறையில் வேலை பார்ப்பவன், தமிழ் படித்தவன் இல்லை. திசைவி (ரூட்டர்), வழங்கி (சர்வர்), தீயரண் (ஃபயர்வால்) என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். கேப்டிவ் போர்ட்டல் வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்காக: விடுதியில் வைஃபையைத் தொட்டதும் கைபேசி இணைந்துவிடும், ஐபி முகவரியும் வாங்கிவிடும். ஆனால் எந்தத் தளமும் திறக்காது. நீங்கள் கேட்டதைத் தீயரண் நடுவழியில் பிடித்து, 302 என்ற விடையோடு எங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தால், அந்தக் கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு வழிவிடும்.

கல்லூரி திறந்தவுடன் எங்கள் அறை வாசலில் நிற்கும் கூட்டமெல்லாம் இதற்காகத்தான். "சார், வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் வரல." பக்கம் வந்ததா என்று கேட்டால், "எந்தப் பக்கம் சார்?" என்று திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தால் பாதி வேலை குறையும். கையேடு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகிறது. கைகொடுங்கள்.

---

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

தம்பி, இதற்கு எதற்கு இழை? உள்நுழைவுப் பக்கம் என்று போடுங்கள். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்பே "உள்நுழையவும்" என்றுதான் வருகிறது. கேப்டிவ் என்றால் சிறைப்பட்ட என்று பொருள் என்பதற்காக, தயவுசெய்து யாரும் சிறைவாயில் என்று தொடங்கிவிடாதீர்கள். மூலத்தில் இருக்கும் உருவகத்தை அப்படியே பெயர்த்து நட்டால் இங்கே வேர் பிடிக்காது. சேர்ந்த முதல் நாளே விடுதியில் சிறைவாயில் என்று படிக்கிற பிள்ளையின் அம்மா அப்பாவையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

---

கோவை (வலையமைப்புப் பொறியாளர்):

> உள்நுழைவுப் பக்கம் என்று போடுங்கள்

அக்கா, போதாது. மின்னஞ்சலுக்கும் உள்நுழைவுப் பக்கம் உண்டு, தேர்வு முடிவு பார்க்கவும் உண்டு, நூலகத்துக்கும் உண்டு. அங்கெல்லாம் நாமாகத் தேடிப் போகிறோம். இதுவோ நாம் வேறெங்கோ போகும்போது குறுக்கே வந்து நிற்கிறது. அந்தக் குறுக்கே நிற்கும் தன்மை சொல்லில் தெரிய வேண்டும்.

பக்கம் தானாக வரும் என்பதும் பாதி உண்மைதான். பூட்டுப் படம் போட்ட தளத்தை, அதாவது எச்டிடிபிஎஸ் தளத்தைக் கேட்டால் தீயரணால் நாகரிகமாகத் திருப்ப முடியாது. இடையில் புகுந்தால் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டும். அதனால் கைபேசியே ஒரு தந்திரம் செய்கிறது. இணைந்த கையோடு ஆண்ட்ராய்டு ஒரு கூகிள் முகவரியைத் தட்டி, 204 என்ற வெற்று விடை வருகிறதா என்று பார்க்கும். 204க்குப் பதில் வேறு ஏதாவது வந்தால், "ஓகோ, யாரோ மறிக்கிறார்கள்" என்று புரிந்துகொண்டு அறிவிப்பைக் காட்டும். ஆப்பிளும் இதே வேலையைத் தன் முகவரியை வைத்துச் செய்கிறது. கைபேசியில் வேறு மறையாக்க இணைப்பு (அதாங்க, விபிஎன்) ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை குழம்பிவிடும், பக்கமும் வராது. நெல்லைத் தம்பியின் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் கதை இதுவாகத்தான் இருக்கும்.

ஆக, பெயர் வேண்டியவை மூன்று: அந்தப் பக்கம், மறிக்கும் ஏற்பாடு, மறிக்கப்பட்டிருக்கும் கருவியின் நிலை. மூன்றையும் ஒரே வேரிலிருந்து கிளைக்க விட்டால் நல்லது.

---

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

சரி, அப்படியானால் மறிப்பக்கம்.

---

மதுரை (தமிழாசிரியர், ஓய்வு):

> மறிப்பக்கம்

அம்மா, மறிக்கின்ற பக்கம் என்று வினைத்தொகையாகச் சொல்ல நினைத்தால் மறிபக்கம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'ப்' போட்டுவிட்டால் மறி பெயர்ச்சொல்லாகிவிடும். மறி என்றால் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியினது பக்கம் என்று பொருள் தரும்.

என் பரிந்துரை உல்குவாயில். உல்கு என்பது வாயிலில் நின்று வாங்கும் தீர்வை. "உறுபொருளும் உல்கு பொருளும்" என்ற குறள் எல்லோரும் படித்ததுதான். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தைப் பாருங்கள். வந்து குவியும் சரக்கையெல்லாம் நிறுத்தி, உல்கு கொண்டு, "புலி பொறித்துப் புறம் போக்கி" அனுப்புகிறார்கள். பொறி இல்லாத மூட்டை நகராது. கருவியின் முகவரியைக் குறித்துக்கொண்டு வழிவிடுகிறோம் என்று நெல்லைத் தம்பி எழுதுகிறாரே, அது புலி பொறித்தல் இல்லாமல் வேறென்ன? கோவைத் தம்பி கேட்ட மூன்றும் இங்கேயே இருக்கின்றன: உல்குவாயில், உல்குதல், பொறிபெறாக் கருவி.

வாயில் என்பதும் அழகான சொல். இல்லின் வாய் என்பது இல்வாய் என்றாக வேண்டும், முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. முன்றில் போல இலக்கணப்போலி. வாசல் பேச்சில் திரிந்தது. அதை நூலில் ஏற்றாதீர்கள்.

---

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சந்திப் பிழையைத் திருத்தியதற்கு நன்றி. உல்குவாயிலுக்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை. முதலாவது, மாணவன் பணம் ஏதும் கட்டுவதில்லை. இரண்டாவது, உல்கு என்பதே வடமொழிச் சுல்கத்திலிருந்து வந்தது, சுங்கத்துக்கு உடன்பிறப்பு என்று சொல்பவர்கள் உண்டே. தனித்தமிழ் என்று தேடிப் போய் அங்கே போய் நிற்கிறோமா?

---

மதுரை:

அந்தக் கூற்றை நான் ஏற்பதில்லை. தமிழில் இருந்து வடக்கே போய்ச் சகரம் ஏற்றிருக்கலாம் என்று ஏன் எண்ணக் கூடாது? இதைப் பற்றி விரிவாக எழுத இருக்கிறேன்.

---

குழும மட்டுறுத்துநர்:

ஐயா, விரிவானது தனி இழையில் வரட்டும். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

---

யாழ்ப்பாணம்:

வணக்கம். நான் இங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறேன். நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிற சொல் எங்களிடம் கையிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை. "அவன் மறியலில் இருக்கிறான்" என்றுதான் கதைப்போம். நீதிமன்றச் செய்தியில் விளக்கமறியல் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள், விசாரணை முடியும்வரை தடுத்து வைப்பது. விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. முகவரி கிடைத்தும் வெளியே போக முடியாத கைபேசியின் நிலை அச்சொட்டாக அதுதான். மறியல் வாசல் என்று போட்டால் மறித்தலும் வருகிறது, மூலத்தின் சிறையும் வருகிறது.

வாசல் பிழை என்று ஐயா சொல்வது எனக்கு ஒப்பில்லை. வாயில் என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் வாய்க்குள் என்றுதான் வாசிப்பார்கள். போர்ட்டலுக்கு வலைவாசல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

---

நெல்லைக்காரன்:

யாழ்ப்பாணத்து அக்கா, சொல் பிரமாதம். ஆனால் இங்கே மறியல் என்றால் சாலை மறியல், ரயில் மறியல். "விடுதி வாசலில் மறியல்" என்று அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் காப்பாளர் முதல் வேலையாக முதல்வருக்குப் போன் போடுவார், முதல்வர் காவல் நிலையத்துக்குப் போடுவார்.

மதுரை ஐயாவின் புலிப்பொறி எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. ஆனால் இதே கையேட்டில் கேட்வேயை நுழைவாயில் என்று எழுதிவிட்டேன். இன்னொரு வாயிலும் வந்தால் படிப்பவன் எந்த வாயிலில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

---

சிங்கப்பூர்:

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று ஒரு கேள்வி. எடுரோம் (பல நாட்டுக் கல்வி நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை) இருக்கும் வளாகத்தில் இந்தப் பக்கமே கிடையாது. 2002இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு. 802.1எக்ஸ் முறையில், கருவி வலைக்குள் வரும் முன்பே அடையாளம் சரிபார்க்கப்படுகிறது. ஒருமுறை கைபேசியில் பதித்துவிட்டால் இங்கே வேலை செய்வது யாழ்ப்பாணத்திலும் கோவையிலும் வேலை செய்யும், அங்கே எடுரோம் இருந்தால். இந்தியாவில் எர்நெட், இலங்கையில் லேர்ன், இங்கே சிங்காரென் என்ற கல்வி வலையமைப்புகள் நடத்துகின்றன. இருக்கும் காசுக்கு அதை நிறுவுங்கள், கலைச்சொல் மிச்சம்.

தவிர, 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகு கைபேசி ஒவ்வொரு வலைப் பெயருக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகிறது. விடுதிக்கு ஒரு பெயர், நூலகத்துக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தால் ஒரே கைபேசி உங்கள் ஏட்டில் இரண்டு கருவியாக ஏறும். ஆளுக்கு இரண்டு கருவி என்று வரம்பு வைத்திருந்தால் அந்தப் பையனின் மடிக்கணினி வெளியே நிற்கும். புலி பொறித்தாலும் மூட்டை வேறு சாக்கில் வருகிறது, ஐயா.

---

கோவை:

சிங்கப்பூர் அண்ணன் சொல்வது சரிதான், எடுரோம் வர வேண்டும். ஆனால் விருந்தினருக்கு, கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கு, ஒரு நாள் வேலைக்கு வரும் மின்பணியாளருக்கு எடுரோம் கணக்கு இருக்காது. அவர்களுக்கு இந்தப் பக்கம்தான். இந்தியாவில் இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த முகவரியில் யார் இருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் நிர்வாகம் இந்தப் பக்கத்தை அவ்வளவு சுலபத்தில் கைவிடாது. போர்ட்டல் எங்கே இருக்கிறது என்பதை ஐபி முகவரியோடு சேர்த்துக் கருவிக்குச் சொல்லிவிடும் வழியே 2020இல் ஆர்.எஃப்.சி. 8910 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. சாகப்போகிற பொருளுக்கு யாரும் புதிதாக நெறிமுறை எழுத மாட்டார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். வண்டியை நிறுத்தி, பெயரும் எண்ணும் ஏட்டில் எழுதி, கம்பியைத் தூக்கி விடுகிறார்களே, அதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சோதனைச்சாவடி. சோதனையை விட்டுவிடலாம். சாவடிப் பக்கம். ஏற்பாட்டுக்கு வலைச்சாவடி. கருவியின் நிலைக்கு, "சாவடியில் நிற்கிறது." மாணவனிடம் "சாவடி தாண்டினாயா?" என்று கேட்டால் விளக்கமே வேண்டாம்.

---

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

சாவடிக்கு என் வாக்கு. உள்நுழைவுப் பக்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லைதான், ஆனால் கோவைத் தம்பி சொன்ன குறுக்கீடு இதில் இருக்கிறது, சொல்லும் தெருவில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் யாரும் யாரையும் சிறைப்பிடிப்பதில்லை என்பதும் ஒரு வசதி.

---

மதுரை:

சாவடி தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே வடிவில் இருக்கிறது. எங்கிருந்து எங்கே போனது என்று தீராமல் நூலில் ஏற்றுவது முறையா? வாயிலில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால் சிலப்பதிகாரம் இருக்கிறது. "வாயிலோயே வாயிலோயே" என்று கண்ணகி அழைத்தாளே, அந்த வாயிலோன் என்ன குறைந்துபோனான்? அவனும் உள்ளே போய்ச் சொல்லி, இசைவு வாங்கி, பிறகுதான் விட்டான். வாயிலோன் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள்.

---

சிங்கப்பூர்:

ஐயா, அந்த வாயிலோன் விட்டதால் மதுரையே எரிந்தது. தீயரண் இருந்தும் பயனில்லை.

---

யாழ்ப்பாணம்:

சாவடி எங்களுக்குச் சரிவராது. இங்கே சாவடி என்றால் பழைய நினைவுகள் வேறு. சோதனைச்சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்த தலைமுறை இன்னும் பாடம் நடத்துகிறது. பிள்ளைகளுக்கு வைபை போட அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன். எங்கள் குறிப்பில் மறியல் வாசல் என்றே இருக்கும். இரண்டு நாட்டுக்கும் ஒரே சொல் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மின்சார ஆளியை நீங்கள் சுவிட்ச் என்றுதானே இன்னும் சொல்கிறீர்கள், உலகம் இடியவில்லையே.

---

குழும மட்டுறுத்துநர்:

இதுவரை சாவடிக்குக் கோவை, சென்னை. மறியல் வாசலுக்கு யாழ்ப்பாணம். உல்குவாயில் அல்லது வாயிலோனுக்கு மதுரை. சிங்கப்பூர் சொல்லே வேண்டாம் என்கிறார். நெல்லைத் தம்பி, முடிவு உங்கள் கையில். மற்றவர்கள் இரவுக்குள் எதிர்ப்பு இருந்தால் சொல்லலாம். சுல்கம் பற்றி வேண்டாம்.

---

நெல்லைக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மெய்ப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. சாவடிப் பக்கம் என்று போட்டிருக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் "மாணவர்கள் லாகின் பேஜ் என்று சொல்வது" என்று ஒரு வரி உண்டு. அது இல்லாமல் காப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மறையாக்க இணைப்பை அணைத்துவிட்டுச் சாவடிப் பக்கத்தைத் திறக்கவும் என்பதைத் தடித்த எழுத்தில் தனிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நூலகத்துக்கும் விடுதிக்கும் ஒரே வலைப் பெயர் வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். சிங்கப்பூர் அண்ணனுக்கு அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

யாழ்ப்பாணத்து அக்கா, உங்கள் குறிப்பு முடிந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். கருவியின் நிலைக்கு மறியலைவிட நல்ல சொல் எனக்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் பார்க்கலாம்.

---

மதுரை:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கையேட்டின் 7ஆம் பக்கத்தில் ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை என்று போட்டிருப்பதாக அறிகிறேன். அதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. தனி இழை தொடங்குகிறேன்.