அதே விண்மீனுக்குத் திரும்பிப் போனால் கோள்கள் மாறிவிடுகின்றன, உதவி தேவை

விடிவெள்ளி (கேள்வி)

வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒரு விண்வெளி சிமுலேட்டர் எழுதி வருகிறேன். மொத்தம் 5,000 விண்மீன்கள். எதன் அருகில் போகிறோமோ, அதன் கோள்களை நிரல் அப்போதுதான் உருவாக்கும். எதையும் சேமிப்பதில்லை. நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை, ரேண்டம் (தற்செயல்) எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை 7 என்று கொடுக்கிறேன். ஒரே சீட் என்றால் ஒரே வரிசை. ஆகவே எப்போது ஓட்டினாலும் ஒரே பிரபஞ்சம்தான் வரும் என்று நம்பியிருந்தேன்.

போன ஞாயிறு 1,182ஆம் விண்மீனில் ஒரு நீலக் கோள் வந்தது. மெல்லிய வளையம், இரண்டு நிலா. மடியில் உட்கார்ந்திருந்த மகள் அதற்குக் 'குளம்' என்று பெயர் வைத்தாள். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் "குளத்தைக் காட்டுப்பா" என்றாள். நேராக 1,182க்குப் போனேன். அங்கே மூன்று வாயுக் கோள்கள் மட்டும் இருந்தன. அவள் முகம் வாடிப்போனது.

சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது: நேராகப் போனால் எப்போதும் அந்த மூன்று வாயுக் கோள்கள்தான். வழியில் இன்னொரு விண்மீனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் வேறு ஏதோ வருகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஈர்ப்புக் கணக்கை ஓடவிட்டால், சில இடங்களில் பெரிய கோள்கள் சில நூறு ஆண்டுகளிலேயே ஒன்றையொன்று தூக்கி எறிந்துவிடுகின்றன. ஒவ்வொரு பாதையையும் முந்தையதைப் போல 1.3 முதல் 2 மடங்கு தூரத்தில் வைக்கிறேன்.

அரசமரம்

முதல் தொல்லைக்குக் காரணம், எல்லா விண்மீன்களும் ஒரே ரேண்டம் வரிசையிலிருந்து எண் எடுப்பதுதான். மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன்கள் எப்போதும் 1, 2, 3 என்றுதான் வரும். ஆனால் உங்களுக்கு எது கிடைக்கும் என்பது, முன்னால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. 1,182க்கு முன்னால் நீங்கள் பார்த்த ஒவ்வொரு விண்மீனும் சில டோக்கன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒவ்வொரு விண்மீனுக்கும் தனி ரேண்டம் பொருள் (தனக்கென ஒரு எண் வரிசை தருவது) வையுங்கள். பிரபஞ்சத்தின் எண்ணையும் விண்மீனின் எண்ணையும் சேர்த்து அதன் சீட்டை உண்டாக்குங்கள். இதோடு நிறுத்தாமல் கோளுக்குத் தனி, நிலாவுக்குத் தனி என்று கீழே வரை போங்கள். இல்லாவிட்டால், நாளைக்கு வளையத்துக்குப் புதிதாக ஒரு நிறம் சேர்த்தால்கூட அதற்குப் பின்னால் வரும் நிலாக்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

1984இல் வந்த எலைட் விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். அவற்றில் ஒன்றைக்கூடச் சேமிக்கவில்லை. மூன்று 16 பிட் எண்களை வைத்துக்கொண்டு, வேண்டும்போது கணக்குப் போட்டே எடுத்தார்கள். அதுவும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

விடிவெள்ளி

நன்றி. "7-1182" என்று ஒரு எழுத்துச்சரம் செய்து, அதை எண்ணாக மாற்றும் பைத்தானின் ஹேஷ் ஃபங்ஷனில் போட்டு, வந்த எண்ணைச் சீட்டாக வைத்தேன். இப்போது எந்த வழியில் போனாலும் அதே கோள்கள். ஆனால் நிரலை மூடித் திறந்தால் மறுபடியும் எல்லாமே மாறிவிடுகிறது! இது முன்பு இல்லாத தொல்லை.

கிழக்குவானம்

நானும் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் இது. பைத்தான் 3.3 முதல், எழுத்துச்சரத்தின் ஹேஷ் மதிப்பு ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் மாறும். வேண்டுமென்றே ஒரே மதிப்பு தரும் சொற்களை அனுப்பி சர்வரை முடக்குவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. முழு எண்களுக்கு இந்த மாற்றம் கிடையாது. அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஹேஷை விட்டுவிடுங்கள். "7/1182/கோள்3" என்கிற சரத்தை அப்படியே ரேண்டம் கிளாஸுக்குச் சீட்டாகக் கொடுங்கள். அது உள்ளுக்குள் எஸ்எச்ஏ-512 என்கிற நிலையான ஹேஷ் முறை வழியாக எண்ணாக்கிக்கொள்ளும், என்றும் மாறாது. இன்னொரு எச்சரிக்கை: 0 முதல் 1 வரை தரும் அடிப்படை ரேண்டம் ஃபங்ஷனின் வரிசை மட்டும் மாறாது என்றுதான் பைத்தான் உறுதி தருகிறது. மற்றவை அடுத்தடுத்த பதிப்புகளில் மாறலாம். நான் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என் சூத்திரத்தில் செய்கிறேன்.

அரசமரம்

சரி, பாதைகளுக்கு வருவோம். மடங்கை மட்டும் பார்த்தால் போதாது, நிறையையும் பார்க்க வேண்டும். இரண்டு கோள்களின் நிறையைக் கூட்டி, விண்மீன் நிறையின் 3 மடங்கால் வகுத்து, கனமூலம் எடுத்து, சராசரி தூரத்தால் பெருக்குங்கள். இதுதான் அந்த ஜோடியின் ஹில் ஆரம், அதாவது ஒன்றின் ஈர்ப்பு மற்றதைப் பலமாகப் பாதிக்கும் தூரத்துக்கான அளவுகோல்.

சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றி, வியாழன் நிறையுள்ள ஒரு கோளை 5.2 வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு), அதே போன்ற இன்னொன்றை 1.3 மடங்கில், அதாவது 6.76லும் வைத்தால் ஹில் ஆரம் ஏறக்குறைய 0.51. இடைவெளி 1.56, அதாவது ஹில் ஆரத்தைப் போல 3 மடங்குதான். வட்டப் பாதையில் இரண்டே கோள்கள் இருந்தாலும் 3.46 மடங்காவது வேண்டும் என்று 1993இல் வானியலாளர் கிளாட்மன் காட்டினார். அதனால்தான் தூக்கி எறிகின்றன. அதே 1.3 மடங்கில் இரண்டு பூமிகளை வைத்துப் பாருங்கள், 20 ஹில் ஆரம் இடைவெளி கிடைக்கும். ஒரு தொல்லையும் இல்லை.

மூன்று, நான்கு கோள்கள் இருந்தால் இடைவெளியை 10 ஹில் ஆரத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது. நம் வியாழனும் சனியும் 8 அளவில் நிற்கின்றன.

விடிவெள்ளி

இரண்டும் சரியாகிவிட்டன. மனமார்ந்த நன்றி. ஆனால் குளம் போய்விட்டது, இல்லையா? புதிய சீட்டில் 1,182க்கு ஒரே ஒரு பாறைக் கோள்தான் வருகிறது.

கிழக்குவானம்

போகவில்லை. பழைய நிரல் இருக்கிறதா? சீட் 7 வைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை போன அதே வரிசையில், அதே பைத்தான் பதிப்பில் போனால் அதே கோள் வந்தாக வேண்டும். வந்ததும் அதன் எண்களைக் கோப்பில் எழுதிவையுங்கள். புதிய நிரல் முதலில் கோப்பைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கட்டும். போன வரிசை நினைவிருக்கிறதா?

விடிவெள்ளி

எனக்கு நினைவில்லை. மகளிடம் இருந்தது. அன்று பார்த்த ஒவ்வொரு விண்மீனையும் ரஃப் நோட்டில் வரைந்து, கீழே எண்ணையும் எழுதியிருந்தாள். குளத்தையும் சேர்த்துப் பதினோரு படங்கள். அந்த வரிசையில் போனேன். முதல் ஆறும் படத்தோடு ஒத்துப்போயின. ஏழாவது பொருந்தவில்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு போனோம்ப்பா, அங்க ஒண்ணுமே இல்ல, அதான் வரையல" என்றாள். கோளே இல்லாத விண்மீனும், எத்தனை கோள் என்று பார்க்க ஒரு டோக்கன் எடுத்திருக்கும்! ஆறாவதுக்குப் பிறகு அந்த ஒரு எண்ணை மட்டும் எடுக்கவிட்டேன். 0 என்று வந்தது. பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் படத்தில் இருந்தபடியே வந்தன. பதினொன்றாவதாக 1,182. நீலம், வளையம், இரண்டு நிலா.

கோப்பில் எழுதிவிட்டேன். பெயர் என்கிற இடத்தில் 'குளம்' என்று அவளே தட்டச்சு செய்தாள்.