நெரிசல் பரவலா, மறுகால் நெரிசலா?

ஒரு துறைமுகத்து நெரிசல் பக்கத்து துறைமுகத்தையும் பிடிச்சுக்கறதைக் கணக்கு போடுற நம்ம மாடலுக்கு தமிழ்ச் சொல் தேடுறோம்ல, அதுக்கு ‘நெரிசல் பரவல்’னு ஒருத்தர் முன்வச்ச சொல் கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா எனக்கு ஒட்டல. பரவுறதுன்னா தீ மாதிரி, காய்ச்சல் மாதிரி, மொத நாள்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா நடக்குற காரியம். துறைமுகத்துல அப்படி இல்லீங்க. கண்டெய்னர் யார்டு, அதாவது பெட்டிகளை அடுக்கி வைக்கிற இடம், நிறையுற வரைக்கும் பக்கத்து துறைமுகத்துக்கு ஒண்ணுமே தெரியாது, நிறைஞ்சப்புறம் கப்பலைத் திருப்பிவிடுவாங்க, காலிப் பெட்டி சிக்கிக்கும், லாரி வெளிய நிக்கும், எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழும். வரிசையில காத்திருக்கிறதைப் பத்தின க்யூ கணக்குலயே இது இருக்கு: ஒரே பெர்த் (கப்பல் நின்னு சரக்கு ஏத்தி இறக்குற இடம்), கப்பல் வர்றதும் வேலை முடியுறதும் தற்செயல்னு வச்சுக்கிட்டா, பெர்த் 80 சதவீத நேரம் பிஸின்னா சராசரி காத்திருப்பு சரக்கு ஏத்தி இறக்குற நேரத்தைப்போல 4 மடங்கு, 90ன்னா 9, 95ன்னா 19.

இன்னொருத்தர் ‘நெரிசல் கடத்தல்’னாரு. வெப்பக் கடத்தல் மாதிரி இலக்கணப்படி சரிதான், ஆனா துறைமுகம்னு சொல்லிட்டு பக்கத்துல கடத்தல்னு போட்டா படிக்கிறவன் தங்கத்தைத்தான் தேடுவான்.

நம்மகிட்டயே சொல் இருக்கே. ஒரு ஏரி நிறைஞ்சு மிச்சத் தண்ணி அடுத்த ஏரிக்குப் போறதை மறுகால்னு சொல்றோம். 2023 கடைசியில செங்கடல்ல தாக்குதல் ஆரம்பிச்சு கப்பலெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுத்திப் போக, அட்டவணை குலைஞ்சு 2024 நடுவுல சிங்கப்பூர் திணறுச்சு, அங்க தாங்காம மலேசியாவோட போர்ட் கிளாங் பக்கமும் கூட்டம் போச்சு. போர்ட் கிளாங்ல வந்தது அதோட சொந்த நெரிசல் இல்ல, மறுகால் நெரிசல். மாடல்ல இது ரெண்டையும் பிரிச்சுக் காட்டத்தானே சொல் தேடுறோம்? யார்டு எந்த அளவு நிறைஞ்சா வழிய ஆரம்பிக்குமோ அந்த வரம்புக்கு ஏரித் தண்ணி வழியுற கலங்கலை வச்சு ‘கலங்கல் மட்டம்’னே வச்சுக்கலாம், தனியா யோசிக்க வேணாம்.

ஆனா 2021 மார்ச்ல எவர் கிவன்ங்கிற கப்பல் சூயஸ் கால்வாய்ல 6 நாள் சிக்குனதை இதுல சேக்காதீங்க. அங்க எதுவும் வழியல, கால்வாய் திறந்ததும் காத்திருந்த கப்பல்கள்ல பலது ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு ஒண்ணா போய் நின்னுச்சு. அது வேற நிகழ்வு, மாடல்லயும் வேற சமன்பாடு.

மாடல்ல வர்ற இன்னொரு சொல்லான ‘ரிஸ்க்’குக்கு இடர் போதும், ஆபத்து வேணாம். கடற்கொள்ளைக்காரன் ஆபத்து, அவன் வர்ற வாய்ப்பையும் வந்தா ஆகுற நஷ்டத்தையும் சேத்துப் பாத்தா இடர்.

எவர் கிவனுக்கு அப்புறம் ஆன மாதிரி கப்பல் ஒண்ணா வந்து குவியுறதுக்கு ‘கப்பல் கொத்து’ன்னு எழுதிப் பாத்தேன், திராட்சைதான் ஞாபகம் வருது. வேற சொல் யாருக்காவது தோணுதா?