திருமணப் படங்களை ஸ்கிராப்புக் ஆல்பமாக்கியபோது நேர்ந்தவை

முதல் பதிவு

பெற்றோரின் 50ஆம் மணநாளுக்காக அவர்களுடைய திருமணப் படங்களைத் தொகுத்து, படங்களை அலங்காரத்தோடு பக்கங்களில் ஒட்டும் ஸ்கிராப்புக் ஆல்பம் ஒன்றை என் கையாலேயே செய்தேன். 12 அங்குலச் சதுரப் பக்கங்கள், வண்ண அட்டைகள், அலைவிளிம்புக் கத்தரிக்கோல் என எல்லாம் நீங்கள் அறிந்தவைதாம். மூன்றாம் பக்கத்திற்காக, அம்மாவும் அப்பாவும் அருகருகே நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை வட்டமாக வெட்டினேன். நகல் எடுக்கவில்லை, அசல் பிரிண்டையே வெட்டினேன்.

ஆல்பத்தைக் கையில் கொடுத்த அன்று அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தில் நின்றார். படத்தில் தம் தோள் முடியும் இடத்தில், நான் வெட்டிய விளிம்பின்மேல் விரலை வைத்து, "இங்கே ஒரு கை இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டார்.

அது பாட்டியின் கை. படம்பிடித்தவரின் பார்வைக்கு வெளியே நின்றிருந்த பாட்டி, கடைசி நொடியில் மகளின் தோளைத் தொட்டிருக்கிறார். எஞ்சியிருந்த திருமணப் படங்கள் எவற்றிலும் அவர் முகம் இல்லை. அந்த நான்கு விரல்கள் மட்டுமே இருந்தன. வட்டத்திற்குள் அடங்காத ஓரம் என்று நான் ஒதுக்கிய துண்டு, குப்பையோடு போய் இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை; அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் அப்படித் திருப்பியதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுமொழி 1

நீங்கள் வெட்டினீர்கள், நான் பிய்த்தேன். அக்காவின் திருமணப் படங்கள், பசைக்கோடுகள் ஓடும் தடித்த அட்டையின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய அந்தக் காலத்து ஒட்டும் ஆல்பத்தில் இருந்தன. பசை பழுப்பேறி ஒவ்வொரு படத்தைச் சுற்றிலும் வரிவரியாகக் கறை படிந்திருந்ததால், அவற்றை எடுத்துப் புதிய ஸ்கிராப்புக்கில் வைக்க நினைத்தேன். முதல் இரண்டு படங்கள் எளிதாக வந்துவிட்டன. மூன்றாவது படத்தை மூலையில் பிடித்து இழுத்தபோது, பாதியில், காகிதம் அடுக்கடுக்காகப் பிரியும் மெல்லிய ஓசை கேட்டது. அந்த நொடியே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஓர் அங்குலம்தானே என்று இழுத்தேன். படம் மடிந்து மேற்படலம் வெடித்தது; அக்காவின் நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு வெள்ளைக்கோடு விழுந்துவிட்டது.

மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்திற்கும் அட்டைக்கும் இடையில் நுழைத்து, அறுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் பசை விட்டுக்கொடுக்கும் என்பதை அதன்பிறகே தெரிந்துகொண்டேன். மீதியிருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் வந்தன. நூலுக்கும் அசையாத நான்கு படங்களை ஆல்பப் பக்கத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மறுமொழி 2

என் கதை சிறியது. எங்கள் திருமணப் படங்களைப் பி.வி.சி. உறைகளில் இட்டு, ஈரம் ஏறும் சுவரையொட்டிய அலமாரியில் வைத்திருந்தேன். எட்டாண்டுகள் கழித்து ஸ்கிராப்புக் செய்ய எடுத்தபோது, என் கணவர் சிரிக்கும் படம் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது; உரித்ததில் அவருடைய பற்கள் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன.

ஆனால் முதற்பதிவைப் படித்தவர்கள் "அசலை வெட்டாதீர்கள்" என்பதோடு நின்றுவிடக்கூடும் என்பதால், யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்டாமல் முழுப்படத்தை ஒட்டினாலும் கேடு கேடுதான். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் என்ற புரதப் படலம். அது ஈரத்தில் இளகும், அருகில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். பி.வி.சி. காலப்போக்கில் சிதைந்து அமிலத்தை வெளிவிடும். ஆகவே பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலியெத்திலீன் ஆகிய மூன்றில் ஒன்றால் ஆன உறையை வாங்குங்கள். பக்கங்களுக்கான காகிதம் அமிலமற்றதாக இருந்தால் மட்டும் போதாது. மரத்தில் இயல்பாகவே உள்ள லிக்னின் என்ற பொருளும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் செய்தித்தாளைப் பழுப்பாக்குவது அந்த லிக்னின்தான். "ஆல்பத்திற்கு ஏற்றது" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்று பாருங்கள். ஒரு பொருள் படத்தை மங்கச்செய்யுமா, கறைப்படுத்துமா என்பதை அந்தச் சோதனை நேரடியாக ஆராய்கிறது. ரப்பர் பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கந்தகம் கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவத்தை ஆக்கும் வெள்ளியைத் தாக்கும். படத்தின் நான்கு முனைகளையும் செருகும் போட்டோ கார்னர்களை மட்டுமே பயன்படுத்தினால், படத்தின்மேல் பசையே படாது. நாளை எடுக்க வேண்டுமென்றாலும் எடுத்துவிடலாம். படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தடம் எழும்பும். லாமினேஷனைத் திரும்ப உரிக்க வழியே இல்லை. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ. (அங்குலத்திற்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். அதிலிருந்து எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில்கூடத் தெளிவான பிரிண்ட் எடுக்கலாம். அந்தப் பிரிண்ட்டை வட்டமாகவோ நட்சத்திரமாகவோ விருப்பம்போல் வெட்டுங்கள்.

மறுமொழி 3

மேலே எழுதியிருப்பவரின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அவருடைய முடிவுகள் முழுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை விதிகளையும் படித்துவிட்டு ஒருவர் ஆல்பம் செய்யவே அஞ்சிப் படங்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டால், யாருக்கு என்ன பயன்? என் மாமியார் தம் திருமணப் படங்களைச் சாதாரணக் கணக்கு நோட்டில், தாமே காய்ச்சிய மாவுப்பசையால் ஒட்டியிருந்தார். தாள் பழுப்பேறியிருக்கிறது, இரண்டு படங்களின் விளிம்பைப் பூச்சி அரித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறார். மண்டப வாசலில் நிமிர்ந்து நிற்கும் படத்தின் கீழ், "இந்த நேரத்தில் என் செருப்பு தொலைந்து போயிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை" என்று இருந்தது. அவர் மறைந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு அந்த வரியைப் படித்தேன். இருபத்தொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் அறியாத ஒரு பெண்ணை அந்த வரியில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். ஐ.எஸ்.ஓ. சோதனையில் தேறிய காகிதத்தில் அந்த வரி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் காகிதம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்தால், அந்த வரியே இருந்திருக்காது.

மறுமொழி 2 எழுதியவர்

உங்கள் மாமியாரின் நோட்டை நான் குறைசொல்லவில்லை. அதை உடனே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாவுப்பசைதான் பூச்சியை அழைத்துவருகிறது. அது விளிம்போடு நிற்காது. படங்களை நோட்டிலிருந்து பிரிக்கவும் வேண்டாம். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இருப்பதே அதன் மதிப்பு.

முதல் பதிவை எழுதியவர்

நெகட்டிவ் இருக்கிறதா என்று சிலர் தனியே கேட்டிருந்தார்கள். இல்லை. படம் எடுத்தவரும் இன்று இல்லை. உறவினர் வீடுகளில் அதே படத்தின் வேறு பிரதி இருக்குமா என்று இதுவரை ஏழு குடும்பங்களில் கேட்டுவிட்டேன். இரண்டு வீடுகளில் பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் மறுமொழியைப் படித்த பிறகு அந்தப் பக்கத்தைக் கழற்றினேன். வட்டப்படத்தைச் சுற்றி நான் ஒட்டியிருந்த பூவேலைக் காகிதங்களை நீக்கிவிட்டு, முனைகள் இல்லாததால் கார்னர் பொருத்த முடியாத அந்த வட்டத்தைப் பாலியெஸ்டர் உறைக்குள் இட்டு வெற்றுத்தாளில் வைத்தேன். பென்சிலை அம்மாவிடம் கொடுத்து, கை எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னேன். அவர் வரைந்து காட்டவில்லை. தோளுக்கு அருகே வெற்றிடத்தில், "அம்மா இங்கே நின்றாள். கை குளிர்ந்திருந்தது" என்று எழுதினார்.

மறுமொழி 4

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஆல்பத்தில் உள்ள பெரிய குழுப்படத்தை எடுத்துப் பார்த்தேன். 37 பேர் நிற்கிறார்கள். என்னால் பெயர் சொல்ல முடிந்தவர்கள் 22 பேர். ஸ்கிராப்புக்கிற்காக அட்டையும் ரிப்பனும் வாங்கி வைத்து ஒரு மாதம் ஆகிறது, ஆனால் இந்த எண்ணிக்கையை இன்றுவரை எடுத்ததில்லை. மீதிப் பதினைந்து பேரையும் அடையாளம் சொல்லக்கூடியவர் பெரிய அத்தை ஒருவர்தான். அவருக்குக் கண்பார்வை குறைந்து வருகிறது. படத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகத்தையும் ஒரு பக்க அளவிற்குப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன்.