ஸ்போர்ட்ஸ் காரில் நெடும்பயணம்: உங்கள் திட்டத்தில் விட்டுப்போனது எது?

தாழ்தளம்

ஆறு நாள், 3,200 கிலோமீட்டர். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே பெட்ரோல், எங்கே படுக்கை, மழை வந்தால் மாற்று வழி எது என்று எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும் நடு எஞ்சின் கூப்பே கார், ரெண்டே சீட்டு, தரைக்கும் வயிற்றுக்கும் இடையே 11 சென்டிமீட்டர். இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம், இந்த மன்றத்தில் இருப்பவர்களுக்குப் புரியும்.

நாலாம் நாள் இரவு. 640 கிலோமீட்டரை அலுங்காமல் முடித்துவிட்டு ஓட்டல் வாசலுக்கு வந்தாயிற்று. பார்க்கிங் அடித்தளத்தில். தெரு மட்டத்திலிருந்து சாய்தளம் சட்டென்று முறிந்து கீழே போகிறது. மூக்கு இறங்கியது, முன்சக்கரம் இறங்கியது. சரி, ஆயிற்று என்று பிரேக்கை லேசாக விட்டேன். வயிறு அந்த முறிவில் உட்கார்ந்துவிட்டது. தகரப் பெட்டியைச் சிமென்ட் தரையில் இழுப்பது மாதிரி நீளமாக ஒரு சத்தம். முன்னால் போனாலும் உரசும், பின்னால் எடுத்தாலும் உரசும். எனக்குப் பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடிக்கிறது.

இரவுக் காவலாளி டார்ச்சோடு வந்து குப்புறப் படுத்து அடியில் பார்த்தார். எழுந்து ஆள்காட்டி விரலைக் குறுக்கே பிடித்துக் காட்டி, "இன்னும் இவ்வளவு இருந்தா போதும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வருடமாக அந்த விரல் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடித்தட்டு கிழிந்தது. கேபிள் டை போட்டுக் கட்டிக்கொண்டு மீதித் தூரத்தை ஓட்டினேன். என் எக்செல்லில் 42 வரிசை இருந்தது. கடைசிப் பத்து மீட்டருக்கு ஒரு வரிசை கூட இல்லை.

உங்களுக்கு என்ன விட்டுப்போனது?

கியர்மாற்றி

மூக்கைத் தூக்கும் பட்டன் எதற்கு இருக்கிறது? அதை அழுத்தாமல் இறங்கியது உங்கள் தப்பு. கூடவே கோணலாக இறங்கியிருக்க வேண்டும், ஒரு சக்கரம் முதலில், இன்னொன்று பிறகு. வேகத்தடைக்கே நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

தாழ்தளம்

பட்டனை அழுத்தித்தான் இறங்கினேன். அது முன்பக்கத்தை மட்டும் ஒரு நாலு சென்டிமீட்டர் தூக்கும். மூக்குதான் தப்பித்ததே! மாட்டியது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் வயிறு. கோணலாக இறங்கச் சொல்கிறீர்கள், சாய்தளத்தின் அகலமே ஒரு வண்டி அகலம். சுவரையும் சேர்த்து இடிக்கச் சொல்கிறீர்களா?

மழைக்குருவி

நான் ஓட்டியவள் இல்லை, பக்கத்து சீட்டில் இருந்தவள். ஆனால் பெட்டி கட்டியது நான்தான், அதனால் பழியும் எனக்குத்தான்.

நடு எஞ்சின் வண்டியில் பின்னால் இருக்கும் குட்டி டிக்கி எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் ஒட்டினாற்போல் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முன் டிக்கியில் கனமான பை, பின் டிக்கியில் "மென்மையான சாமான்" என்று பிரித்து வைத்தேன். மென்மையான சாமான் என்றால் அவருடைய கல்யாண வீட்டுச் சட்டையும் என் மேக்கப் பையும். ஏழு மணி நேரம் ஓட்டம். போய் இறங்கித் திறந்தால் பை கையைச் சுடுகிறது. மூன்று லிப்ஸ்டிக்கும் உருகி, ஜிப் வழியாகக் கசிந்து, வெள்ளைச் சட்டையின் காலரில் போய் உட்கார்ந்திருக்கிறது. சரியாகக் காலரில்!

மறுநாள் கல்யாணத்தில் கோட்டைக் கழற்றாமல் வேர்க்க வேர்க்க நின்றார். ஏன் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து விளக்கினார். யாரும் நம்பவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தப் பையில் மாத்திரையோ இன்சுலினோ இருந்திருந்தால் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. அதிலிருந்து மருந்து என்றால் என் காலடியில்தான்.

நாலுகிளைப்பாதை

எனக்கு டயர். பின் டயர் 305 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 245. பக்கச் சுவரில் கம்பி கிழித்தது. ஸ்டெப்னி கிடையாது, முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்றால் எதற்கென்று ஸ்டெப்னி வைப்பான்? டப்பாவில் இருந்த, ஓட்டையை அடைக்கும் சீலன்ட்டை ஏற்றினேன். கிழிசல் வழியாக வெள்ளையாக நுரை பொங்கி ஷூ மேல் வழிந்தது. டயருக்குள் பால் கொதித்துப் பொங்குகிற மாதிரி. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, மீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

டப்பா மேலேயே எழுதியிருக்கிறது, பக்கச் சுவர்க் கிழிசலுக்கு ஆகாது, சாலையைத் தொடும் டிரெட் பகுதியில் 6 மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும்தான் என்று. அதை நான் அப்போதுதான், டப்பா காலியான பிறகு, டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். அந்த அளவு டயர் அந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு நாள் படுத்தே கிடந்தேன்.

கியர்மாற்றி

ரன்-ஃபிளாட் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலுகிளைப்பாதை

ரன்-ஃபிளாட் காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் போகும், அதுவும் 80 வேகத்துக்குள். அதற்கு அப்புறம்? அதே அளவு டயரைத்தானே தேட வேண்டும்? நான் நின்ற இடத்திலிருந்து அடுத்த பெரிய ஊர் 190 கிலோமீட்டர். உங்கள் யோசனைப்படி போயிருந்தால் ஊருக்கு வெளியே நிற்பதற்குப் பதில் நடுக்காட்டில் நின்றிருப்பேன்.

பேட்டரிசாமி

சின்னக் கதை. முன் டிக்கிக்குள் பேட்டரி. முன் டிக்கியைத் திறக்கும் பூட்டு மின்சாரப் பூட்டு. மூன்று நாள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் பேட்டரி சுத்தமாகச் செத்துப்போயிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், பேட்டரிக்கு உயிர் கொடுக்க டிக்கியைத் திறக்க வேண்டும், டிக்கியைத் திறக்க பேட்டரிக்கு உயிர் வேண்டும். ஜம்பர் கேபிள் எங்கே? டிக்கிக்குள். வண்டிக் கையேடு? அதுவும் டிக்கிக்குள்.

உதவிக்கு வந்த மெக்கானிக் பையன் ஓட்டுநர் காலடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு முனையை வெளியே இழுத்தான். அதில் தன் கேபிளை வைத்தான், டிக்கி டக் என்று திறந்தது. முப்பது வினாடி வேலை. அந்த வண்டியை நாலு வருடமாக வைத்திருக்கிறேன், அப்படி ஒரு முனை இருப்பதே தெரியாது. பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது. "அண்ணே, இது எல்லாருக்கும் தெரியுமே" என்றான் பாருங்கள், அதுதான் இன்னும் குத்துகிறது.

ஓப்பன்டாப்

கூரை மூடியிருக்கும்போது டிக்கியை அளந்து பெட்டி வாங்கினேன். மலைப்பாதை வந்தது, நல்ல வெயில், கூரையைத் திறக்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். கூரை மடிந்து உட்காரும் இடத்தில் என் பெட்டி இருக்கிறதாம், திறக்க மாட்டேன் என்றது. நாலு நாளும் மூடிய கூரைக்குள்தான் பயணம். இதற்கு ஏன் கூரை திறக்கும் வண்டி வாங்கினேன் என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நெடுஞ்சாலைவாத்தியார்

எனக்கு நடந்தது இரைச்சல். போன வருடம் எக்ஸாஸ்ட் மாற்றினேன், ஊருக்குள் கேட்க அவ்வளவு அருமை. நெடுஞ்சாலையில் 110-ல் நிலையாகப் போகும்போது அது உறுமலாக இல்லாமல் ஒரே சுருதியில் ரீங்காரமாக மாறிவிட்டது. நாலு மணி நேரத்தில் பின்மண்டையில் வலி. 100-க்குக் குறைத்தால் போய்விடும், 120-க்கு ஏற்றினாலும் போய்விடும், எல்லோரும் போகும் வேகத்தில் மட்டும் இருக்கும்.

அது கிடக்கட்டும். மேலே படித்தவரையில் யாரும் அடிப்படையைச் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன். காற்றழுத்தத்தைக் காலையில் கிளம்பும் முன் பாருங்கள், ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். ஐந்தாறு டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும், சூட்டில் பார்த்துக் காற்றைக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் சப்பையாக நிற்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-ஆவது வாரம் செய்தது. டிரெட் கட்டை நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், வயசைப் பாருங்கள். வாரக் கடைசியில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் கட்டை தேய்வதற்கு முன்னால் ரப்பர் கிழடாகிவிடும். அகலமான டயர் தேய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும், மழை வந்தால் கௌரவம் பார்க்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. அரை டேங்க் ஆனதுமே தேட ஆரம்பியுங்கள். கிடைக்காமல் சாதாரணத்தைப் போட்டால் எஞ்சின் வெடித்துவிடாது. எஞ்சின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றும், இழுவை குறையும். ஆனால் அந்த டேங்க்கில் பெடலை முழுசாக அழுத்தாதீர்கள். நீளமான இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறையுங்கள். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, பம்பரில் எந்த மூடிக்குப் பின்னால் திருக வேண்டும் என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். பல வண்டிகளில் மரை இடப்பக்கம் திருகும், இருட்டில் வலப்பக்கம் திருகித் திருகி அழுவீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடும்போது முழு வண்டியையும் மேலே ஏற்றும் தட்டையான லாரி வேண்டும் என்று சொல்லுங்கள், தொங்கவிட்டு இழுக்கும் வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள். கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பைதான் இந்த டிக்கிகளின் மூலைமுடுக்கில் நுழையும். ஒரு நாளைக்கு 500-க்கு மேல் போடாதீர்கள், இந்த சீட்டும் சஸ்பென்ஷனும் உங்கள் முதுகுக்காகச் செய்ததல்ல.

மழைக்குருவி

வாத்தியார் சார், உங்கள் தலைவலி என்ன ஆனது? அதைச் சொல்லாமலே வகுப்பை முடித்துவிட்டீர்களே.

நெடுஞ்சாலைவாத்தியார்

பழைய எக்ஸாஸ்ட்டையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பழையஇரும்பு

எல்லோரும் என்னமோ அழுகிறீர்கள். 1888-ல் ஜெர்மனியில், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மூன்று சக்கர வண்டியில் போனார். பங்க்கே இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார், அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். 1915-ல் பந்தய ஓட்டுநர் 'கேனன்பால்' பேக்கர் ஸ்டட்ஸ் பேர்கேட் காரில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து நியூயார்க்குக்கு 11 நாள் சொச்சத்தில் போய்ச் சேர்ந்தார், பெரும்பாலும் மண் பாதையில். நாக் சென்சாரா இருந்தது அதில்?

தாழ்தளம்

பேக்கருடைய வண்டிச் சக்கரத்தின் அச்சே என் வண்டியின் வயிற்றைவிட எத்தனையோ மடங்கு உயரம் ஐயா. அவரை என் ஓட்டல் சாய்தளத்தில் இறக்கியிருந்தால் விசிலடித்துக்கொண்டே போயிருப்பார். மண் பாதைக்குச் செய்த வண்டி மண் பாதையில் போனது, இதில் என்ன சாதனையை என் மேல் எறிகிறீர்கள்? ஆனால் தொப்பி ஊசி விஷயம் எனக்குப் பிடித்தது.

வலதுகதவு

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கு 71. சின்ன வயசிலிருந்து இந்த மாதிரி வண்டியின் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தவர். நான் வாங்கியதும், நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை போய் வரலாம்ப்பா என்று அவர்தான் கேட்டார். ஒரு நாளைக்கு 350 தான், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அவருக்காகத்தான் அவ்வளவு நிறுத்தம் போட்டேன்.

நிறுத்தம் என்றால் இறங்க வேண்டும், ஏற வேண்டும். சீட்டு தரையோடு இருக்கிறது, கதவுச் சட்டம் அகலம், ஓரத்தில் பிடிக்க எதுவும் இல்லை. முதல் நாள் காலை அவரே எழுந்தார். மத்தியானம் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாயங்காலம் நான் இந்தப் பக்கம் இறங்கி நீட்டி நெளித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது, ஆள் வரவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால் இரண்டு காலையும் வெளியே வைத்துவிட்டு, வலது கையை மட்டும் நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நீட்டிக்கொண்டிருந்தாரோ தெரியாது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், "எனக்கு இறங்க வேண்டாம்ப்பா, நீ போயிட்டு வா" என்றார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார் என்று அப்புறம்தான் புரிந்தது. நாலாம் நாள் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு ரயிலில் வந்தோம். ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நெடுஞ்சாலைவாத்தியார்

சீட்டின் மேல் போடும் சுழல் மெத்தை கிடைக்கிறது, உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பலாம். கதவுப் பூட்டு வளையத்தில் மாட்டும் கைப்பிடியும் இருக்கிறது. அதைப் போட்டால்...

வலதுகதவு

இப்போது அவரை ஏற்றுவதில்லை சார்.

நெடுஞ்சாலைவாத்தியார்

மன்னிக்கவும்.

தாழ்தளம்

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறேன், இந்த முறை 2,400. எக்செல்லில் சாய்தளத்துக்கு ஒரு வரிசை, பேட்டரிசாமி சொன்ன சிவப்பு முனைக்கு ஒரு வரிசை சேர்த்தாயிற்று. ஐந்து ஓட்டலுக்கும் போன் போட்டு, பார்க்கிங் தெரு மட்டத்தில் இருக்கிறதா, சாய்தளம் என்றால் எவ்வளவு செங்குத்து என்று கேட்டேன். நாலு பேர் "எல்லா வண்டியும் வருது சார்" என்றார்கள். ஐந்தாவது ஆள், "எந்த வண்டி சார்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சார், நீங்க வாசல்லயே போட்டுக்குங்க" என்றார். முதல் இரவு அங்கேதான்.