அந்தப் பச்சை டிக்கைத் தொட்டது யார்?

வெள்ளைப்பிரம்பு: வைகை டீச்சரின் நேற்றைய பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. டேப்லெட் செயலி வந்த பிறகு அவர் வகுப்பில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் தங்கள் இலக்கைத் தாங்களே வைக்கிறார்களாம். சாட்சிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்: "பையை நானே அடுக்குவேன்", திங்கள் முதல் வெள்ளி வரை பச்சை டிக். ஒரே கேள்வி. அந்த டிக்கைத் தொட்டது யார்?

வைகை டீச்சர்: பையன்தான். மூன்று படம் காட்டினேன்: பை, ஷூ லேஸ், டிபன் பாக்ஸ். பையைத் தொட்டான். அவனே அடுக்குவதை வீடியோ எடுத்து, நான் உதவிய இடங்களை வெட்டிவிட்டேன். தினமும் அதைப் பார்த்துவிட்டு அடுக்குகிறான். எதையும் பார்க்காமல் பேசினால் எப்படி?

வெள்ளைப்பிரம்பு: பிறந்ததிலிருந்தே பார்க்காமல்தான் பேசுகிறேன் மேடம். உங்கள் படத்துக்கு விளக்கமும் கிடையாது, தங்கை படித்துச் சொன்னாள். அந்தச் செயலியை டாக்பேக்கில் (ஃபோன் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி) திறந்தால் "பெயரிடாத பட்டன், பெயரிடாத பட்டன்" என்றே போகிறது. சரி, டிக்?

வைகை டீச்சர்: நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு எதிலும் குத்தம்தான்.

டெக் தம்பி: அண்ணே, செயலியில் யார் எப்போது தொட்டார்கள் என்ற பதிவு, லாக், இருக்குமே, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளைப்பிரம்பு: தம்பி, லாகின் டீச்சர் நம்பரில். லாக் என்ன, பையன் பேரையா சொல்லும்?

மதி அப்பா: என் மகளுக்கு சிபி, பெருமூளை வாதம். சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் வார்த்தையைப் பேசும் ஆவாஸ் செயலியைத் தமிழில் வைத்திருக்கிறோம். அவள் முதலில் அழுத்தியது "வேண்டாம்". தொழில்நுட்பமே வீண் என்று பேசாதீர்கள் சார்.

வெள்ளைப்பிரம்பு: வீண் என்று எங்கே சொன்னேன்? கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ இல்லாமல் நான் டிகிரி முடித்திருக்க மாட்டேன். ஆனால் நல்ல இடத்துக்கு வந்தீர்கள். டீச்சரின் மூன்று படத்தோடு "எதுவும் வேண்டாம்" என்று நாலாவது படம் இருந்ததா? டீச்சர் பரப்பி வைத்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் அது யார் இலக்கு? அமெரிக்காவில் 2004 ஐடியா என்ற மாற்றுத்திறனாளி மாணவர் கல்விச் சட்டப்படி, பள்ளி முடிந்த பிறகு என்ன செய்வது என்று பேசும் கூட்டத்துக்கு மாணவனை அழைத்தே ஆக வேண்டும். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை நிரப்பும்போது பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். அந்தப் படிவம்தான் இப்போது டேப்லெட்டுக்குள் ஏறியிருக்கிறது, டிக்கோடு.

வைகை டீச்சர்: அமெரிக்காவா! வட்டார வள மையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து, ஒரே ஆளாக இத்தனை பள்ளிக்கு ஓடிப் பாருங்கள். பையன் பை அடுக்குகிறான். அவன் அம்மாவுக்கு அது போதும்.

வெள்ளைப்பிரம்பு: அம்மாவுக்குப் போதும். டிக்?

மதி அப்பா: மனிதர் அதையே பிடித்துத் தொங்குகிறாரே! என் மகளுக்கு விரல் நிற்காது, நான்தான் கையைப் பிடிப்பேன். அப்போது அவள் தொட்டதும் கணக்கில் வராதா?

வெள்ளைப்பிரம்பு: கையைப் பிடித்தது நீங்கள் என்று சொல்கிறீர்களே, டீச்சர் அதைக்கூடச் சொல்லவில்லையே.

வைகை டீச்சர்: போன வருடம் "மொபைல் இருக்க பிரெய்ல் எதற்கு" என்று இங்கே சண்டை போட்டவர்தானே நீங்கள்? இப்போது தொழில்நுட்பத்துக்கு எதிராக வக்காலத்தா?

வெள்ளைப்பிரம்பு: அப்படி நான் சொல்லவே இல்லை. கணக்குப் பாடத்துக்கு பிரெய்ல் கட்டாயம் என்றேன். அந்த இழையைத் தோண்டி எடுத்துப் போடட்டுமா?

டெக் தம்பி: போடுங்க அண்ணே, நானும் அதில் இருந்தேன். நீங்க சொன்னீங்க.